கரண்டும் ஊசியும்: ஒரு நூற்றாண்டுக் கதை



மலர்க் குழுவில் இருக்கும் என் பழைய ரூம்மேட் போன வாரம் போன் செய்தான். "ஏலே, ஹாஸ்டல் மெஸ் கதை, ஐந்தருவிக்குக் கட் அடிச்ச கதை, பார்டர் பரோட்டா கதை எதுவும் வேண்டாம்டே. எல்லாரும் அதைத்தான் எழுதி அனுப்பியிருக்காங்க. நீ வேற ஏதாவது உருப்படியா எழுது" என்றான். சரி என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்து யோசித்தால், கடந்த மூன்று வருடங்களாக என் தலைக்குள் ஓடிக்கொண்டிருப்பது ஒரே ஒரு விஷயம்தான். அதையே எழுதுகிறேன்.

நான் டாக்டர் அல்ல, இன்ஸ்ட்ருமென்டேஷன் என்ஜினீயர். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் வால்வும் சென்சாரும் பார்க்கிறவன். புற்றுநோய் பற்றி எழுத இவன் யார் என்று மருத்துவம் படித்த நண்பர்கள் கோபிக்க வேண்டாம். இது சிகிச்சைக் குறிப்பு அல்ல, வரலாறு. என் அப்பாவுக்காக நான் தேடிப் படித்த வரலாறு.

தொண்டையில் ஒரு முள்

எங்கள் ஊர் பாவூர்சத்திரத்துக்கும் ஆலங்குளத்துக்கும் நடுவில் இருக்கிறது. அந்தப் பக்கத்து வீடுகளைப் பற்றி நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திண்ணைக்குத் திண்ணை தட்டு, தட்டில் பீடி இலை, தூள், கத்தரிக்கோல். என் அம்மாவும் சுற்றினாள். என் முதல் செமஸ்டர் பீஸில் பாதி அம்மா சுற்றிய பீடி. மீதி, அப்பா காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய கூலி. அம்மா சுற்றுவாள், அப்பா குடிப்பார். இரண்டு கட்டு இல்லாமல் அவருக்குப் பொழுது போகாது.

2021 கடைசியில் ஒரு நாள் போனில் சொன்னார்: "எய்யா, தொண்டையில மீன் முள்ளு மாட்டின மாதிரி குத்திக்கிட்டே இருக்கு. காதும் வலிக்கி."

நான் மீட்டிங்கில் இருந்தேன். "சளியா இருக்கும்ப்பா. உப்புத் தண்ணி போட்டு வாய் கொப்புளிங்க" என்றேன்.

அடுத்த மாதமும் சொன்னார். அடுத்த மாதமும் நான் அதையே சொன்னேன். பொங்கலுக்குப் போனபோது குரல் கொஞ்சம் கரகரத்தது. பீடியைக் குறையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். ஐந்தாவது மாதம் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. அப்புறம்தான் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தொண்டையில் புற்றுநோய், கழுத்து நிணநீர் முடிச்சுக்கும் பரவியிருக்கிறது என்றார்கள். 35 நாள் கதிர்வீச்சு, வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ.

நம் ஊரில் கதிர்வீச்சு என்று யார் சொல்கிறார்கள்? 'கரண்ட் வைக்கிறது' என்றுதான் பெயர். அப்பா கேட்டார்: "கரண்டை வெச்சுப் பொசுக்குவாங்களாமே, ஷாக் அடிக்குமாய்யா?" வலியே இருக்காது, எக்ஸ்ரே எடுக்கிற மாதிரிதான் என்றேன். முதல் இரண்டு வாரம் அப்படித்தான் இருந்தது. மூன்றாவது வாரம் முதல் எச்சில் கூட விழுங்க முடியவில்லை. கஞ்சியைக் குழாய் வழியே கொடுத்தோம். 35 நாளும் முடித்தார். கட்டி கரைந்தது. கோவிலில் போய்ப் பொங்கல் வைத்தோம்.

2023-இல் திரும்ப வந்துவிட்டது. கழுத்திலும் நுரையீரலிலும். அப்போதுதான் டாக்டர் 'இம்யூனோதெரபி' என்ற வார்த்தையைச் சொன்னார். உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் ஊசி. நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி: "சார், போன வருஷம் கரண்ட் வைக்கும்போதே இந்த ஊசியையும் சேர்த்துப் போட்டிருந்தா, அப்பவே சரியாகியிருக்குமா?"

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "அதை உலகமே முயற்சி பண்ணிப் பாத்திருக்கு தம்பி. பெரிய கதை அது" என்றார். அடுத்த நோயாளி வந்துவிட்டார். அந்தப் பெரிய கதையை நானே தேடிப் படித்தேன். அதுதான் இனி வருவது.

ஒரே ஆஸ்பத்திரியில் இரண்டு கட்சி

1891-இல் நியூயார்க்கில் வில்லியம் கோலி என்று ஓர் இளம் அறுவைச் சிகிச்சை மருத்துவர். அவருடைய 17 வயது நோயாளி ஒருத்தி, எலும்புப் புற்றுநோயில் கையை எடுத்த பிறகும் இறந்துபோனாள். மனம் ஆறாமல் ஆஸ்பத்திரியின் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். கழுத்தில் புற்றுக்கட்டி இருந்த ஒருவருக்கு எரிசிபெலஸ் என்ற தோல் தொற்று வந்து, கடும் காய்ச்சல் அடித்து, கட்டி மறைந்துபோனதாக ஒரு குறிப்பு இருந்தது. அந்த ஆளைத் தெருத் தெருவாகத் தேடிக் கண்டுபிடித்தார். ஏழு வருடம் கழித்தும் அந்த ஆள் நன்றாகவே இருந்தார்!

உடனே கோலி, நோயாளிகளுக்கு வேண்டுமென்றே கிருமியை ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார். அது ஆபத்தாக இருந்ததால் 1893 முதல் கொன்ற கிருமிகளின் கலவையைக் கொடுத்தார். சிலருக்குக் கட்டி கரைந்தது, பலருக்குக் கரையவில்லை. ஏன் கரைந்தது, ஏன் கரையவில்லை என்று அவரால் சொல்ல முடியவில்லை. இன்றைய இம்யூனோதெரபியின் தாத்தா அவர்தான்.

அதே காலத்தில் இன்னொரு வண்டி வேகமாக வந்தது. 1895 நவம்பர் 8-ஆம் தேதி ராண்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த வருடமே அதைப் புற்றுக்கட்டிமேல் காட்டிப் பார்த்தார்கள். 1898-இல் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டுபிடித்தார்கள். கதிருக்கு அளவு உண்டு, நேரம் உண்டு, ஒரு ஆஸ்பத்திரியில் செய்ததை இன்னொரு ஆஸ்பத்திரியில் அப்படியே செய்யலாம். கோலியின் மருந்தோ ஆளுக்கு ஆள், பாட்டிலுக்குப் பாட்டில் மாறியது.

கோலி வேலை பார்த்த ஆஸ்பத்திரி பின்னாளில் மெமோரியல் ஆஸ்பத்திரி என்று பெயர் பெற்றது. அங்கேயே ஜேம்ஸ் யூயிங் என்ற பெரிய நோயியல் நிபுணர் இருந்தார். அவர் கதிர்வீச்சுக் கட்சி. கோலியின் மருந்தில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஒரே கூரையின் கீழ் இரண்டு கட்சி. யார் ஜெயித்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. கோலி 1936-இல் இறந்தார், அவருடைய மருந்தும் மெல்ல மறக்கப்பட்டது. கதிரும் எதிர்ப்புச் சக்தியும் ஒன்றுக்கொன்று உதவலாம் என்ற எண்ணம் அப்போது பரவலாக இல்லை. இந்த ஆஸ்பத்திரியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

அடையாற்றில் 12 படுக்கை

கதிர்வீச்சைக் கையாள்வதற்குப் பாரிஸில் ஒரு நல்ல பாடம் கிடைத்தது. ரெகோ, குட்டார் என்ற இருவர் அங்கே ரேடியம் நிறுவனத்தில் 1920-களில் கண்டது இது: மொத்தக் கதிரையும் ஒரே நாளில் கொடுத்தால் கட்டியோடு தோலும் வெந்துபோகும். அதையே சிறு சிறு பங்காகப் பிரித்துப் பல வாரம் கொடுத்தால், நல்ல செல்கள் இடைவேளையில் தங்களைச் சரிசெய்துகொள்ளும். புற்றுச் செல்களுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. என் அப்பாவின் 35 நாள் கணக்குக்கு ஆதாரம் இதுதான். ஒரு நாளைக்கு 2 கிரே, 35 நாளுக்கு 70 கிரே.

இந்தக் கதையில் நம் தமிழ்நாட்டுக்குப் பெரிய இடம் உண்டு. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை, பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் பெண் என்றும், தேவதாசி முறைக்கு எதிராகப் போராடியவர் என்றும் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அவர் தங்கை 1923-இல் புற்றுநோயில் இறந்தார். அந்தத் துக்கம் அவரை விடவில்லை. புற்றுநோய் வந்தால் சாகத்தானே போகிறார்கள், அதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்று படித்தவர்களே பேசிய காலம். அவர் விடாமல் பணம் திரட்டினார். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-இல் அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. முத்துலட்சுமி ரெட்டியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். அடுத்த வருடம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். அரசு மருத்துவமனை வேலை கையில் இருந்தும் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டு டாக்டர்கள் மட்டுமே இருந்த இடத்துக்கு வந்தவர் அவர். 2021 ஜனவரி 19-இல் இறக்கும்வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார்.

என்ஜினீயர்களுக்குப் பிடித்த பகுதி அடுத்தது. கனடாவில் 1951-இல் உலகில் முதல் முறையாகக் கோபால்ட்-60 இயந்திரத்தால் நோயாளிகளுக்குச் சிகிச்சை தந்தார்கள். கோபால்ட்-60 வெளியிடும் காமா கதிர்களின் ஆற்றல் 1.17, 1.33 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். பழைய எக்ஸ்ரே இயந்திரம் தோலைச் சுட்டுவிடும், உள்ளே போகாது. கோபால்ட் கதிரோ தோலை ஓரளவு விட்டுவிட்டு ஆழத்தில் போய் வேலை செய்யும். உயர் மின்னழுத்தம் வேண்டாம், நுட்பமான குழாய் வேண்டாம். ஈயக் கவசத்துக்குள் ஒரு உலோகத் துண்டு, அதைத் திறந்து மூட ஒரு கதவு. சுமார் ஐந்தேகால் வருடத்துக்கு ஒரு முறை வீரியம் பாதியாகக் குறையும் என்பது ஒன்றுதான் கணக்கில் வைக்க வேண்டியது. மின்சாரம் நம்பிக்கை இல்லாத நம் நாட்டுக்குப் பொருத்தமான இயந்திரம். 1950-களின் பிற்பகுதியிலேயே கனடாவிலிருந்து 'எல்டோராடோ' இயந்திரம் அடையாற்றுக்கு வந்துவிட்டது. இந்தியாவில் அதுதான் முதல் கோபால்ட்.

ஆனால் அடையாற்றுக்கு வந்தவர்கள் யார்? வெற்றிலையும் புகையிலையும் போட்டு, கன்னம் ஓட்டையாகிற வரை வீட்டில் இருந்துவிட்டு வந்தவர்கள். கத்தி வைக்க முடியாத நிலை. கதிர் மட்டும் வைத்தால் போதாத நிலை. இரண்டு மருத்துவர்களும் கதிரோடு இன்னொன்றைச் சேர்த்தால் என்ன என்று யோசித்தார்கள். 1960-களில் ஜப்பானில் உமேசாவா கண்டுபிடித்த பிளியோமைசின் என்ற மருந்தைக் கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுத்தார்கள். சும்மா கொடுத்துப் பார்க்கவில்லை. ஒரு பிரிவுக்குக் கதிர் மட்டும், இன்னொரு பிரிவுக்குக் கதிரும் மருந்தும் என்று ஒப்பிட்டு, சேர்த்துக் கொடுத்தவர்களுக்குக் கட்டி நன்றாகக் கரைந்தது என்று 1980-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். கதிரோடு கீமோ சேர்ப்பது இன்று உலகம் முழுக்கச் சாதாரணம். பிளியோமைசினின் இடத்தை சிஸ்பிளாட்டின் பிடித்துக்கொண்டது. என் அப்பாவுக்கு வாரா வாரம் ஏறிய அந்த பாட்டிலுக்குப் பின்னால் அடையாற்று ஏழைகளின் வாயும் கன்னமும் இருக்கின்றன.

தொடாத இடத்தில் கரைந்த கட்டி

ஒரு விசித்திரம் மட்டும் விளங்காமல் இருந்தது. எப்போதாவது ஒருவருக்கு ஒரு கட்டியில் கதிர் வைத்தால், கதிரே படாத வேறொரு கட்டியும் சேர்ந்து கரைந்தது. மோல் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1953-இல் இப்படிக் கதிர் படாத இடத்தில் ஏற்படும் விளைவுக்கு 'அப்ஸ்கோபல்' என்று பெயர் வைத்தார். 'இலக்குக்கு அப்பால்' என்று பொருள். பெயர் இருந்தது, விளக்கம் இல்லை.

1979-இல் அமெரிக்காவில் ஹெலன் ஸ்டோன் என்பவரின் குழு எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தது. நோய் எதிர்ப்புச் சக்தியின் படைவீரர்களான டி-செல்கள் இல்லாத எலிகளில், அதே கட்டியை அடக்கச் சுமார் இரண்டு மடங்கு கதிர் வேண்டியிருந்தது. அதாவது கட்டியை அழிப்பதில் பாதி வேலையைக் கதிர் செய்கிறது, மீதியை உடம்பே செய்கிறது! 2004-இல் நியூயார்க்கில் டிமாரியா, ஃபோர்மென்டி ஆகிய இரு பெண் மருத்துவ விஞ்ஞானிகள், அப்ஸ்கோபல் விளைவுக்கும் காரணம் இந்த டி-செல்கள்தான் என்று எலிகளில் காட்டினார்கள்.

நடப்பது இதுதான். கதிர் பட்டுச் சாகும் புற்றுச் செல் உடைந்து, தன் உள்ளே மறைத்து வைத்திருந்த புரதங்களை வெளியே கொட்டுகிறது. ரோந்து போகும் செல்கள் அதைப் பொறுக்கிக்கொண்டுபோய் நிணநீர் முடிச்சில் காட்டுகின்றன. 'திருடன் இப்படி இருப்பான்' என்று போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ ஒட்டுவது போல. அங்கே பழகிய டி-செல்கள் உடம்பு முழுக்கத் தேடிப் போகின்றன.

அப்படியானால் ஏன் எல்லோருக்கும் நடப்பதில்லை? ஏனென்றால் டி-செல்லுக்கு பிரேக் உண்டு. பிரேக் இல்லாவிட்டால் அது நம் உடம்பையே தாக்கிவிடும். புற்றுநோய் அந்த பிரேக்கைத் தனக்குச் சாதகமாக மிதித்துப் பிடித்துக்கொள்கிறது. சி.டி.எல்.ஏ.-4 என்ற பிரேக்கை விடுவித்தால் எலிகளில் கட்டி கரைவதை ஜேம்ஸ் அலிசன் 1996-இல் காட்டினார். ஜப்பானின் டாசுகு ஹோஞ்சோ 1992-இல் கண்டுபிடித்த பி.டி.-1 இன்னொரு பிரேக். இருவருக்கும் 2018-இல் நோபல் பரிசு. இவற்றை விடுவிக்கும் ஊசிகள் 2011 முதலும் 2014 முதலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

இதற்கெல்லாம் முன்பே ஓர் எளிய இம்யூனோதெரபி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நம் எல்லோர் தோளிலும் தழும்பாக இருக்கிறதே, அந்த பி.சி.ஜி. அதைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தினால் அங்கே வரும் ஆரம்பநிலைப் புற்று திரும்ப வருவது குறைகிறது என்று 1976-இல் கனடாவில் மொராலஸ் காட்டினார். இன்றும் அது நடைமுறையில் இருக்கிறது. கிருமியை வைத்துப் புற்றை விரட்டலாம் என்ற கோலியின் எண்ணம் அவ்வளவு பைத்தியக்காரத்தனம் அல்ல.

இனி அந்த ஆஸ்பத்திரி. மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் என்ற பெயரில் இன்று இருப்பது கோலியும் யூயிங்கும் முட்டிக்கொண்ட அதே ஆஸ்பத்திரிதான். தோல் புற்றுநோயான மெலனோமா பரவிய ஒரு பெண்ணுக்கு அங்கே பிரேக் விடுவிக்கும் ஊசி போட்டிருந்தார்கள். நோய் மெல்ல முன்னேறியது. வலிக்காக முதுகுத்தண்டு அருகே இருந்த ஒரே ஒரு கட்டிக்கு மூன்று தடவை கதிர் வைத்தார்கள், மொத்தம் 28.5 கிரே. சில மாதங்களில் கதிர் படாத மண்ணீரல் கட்டிகளும் கரைந்தன. 2012-இல் இது வெளியானபோது மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பகையாளிகள் இருவரும் அதே வீட்டில் ஒரே பந்தியில் அமர்ந்துவிட்டார்கள்.

என் கேள்விக்குப் பதில்

அதன் பிறகு நூற்றுக்கணக்கான ஆராய்ச்சிகள் தொடங்கின. 2017-இல் பெரிய வெற்றி ஒன்று வந்தது. அறுவைச் சிகிச்சை செய்ய முடியாத மூன்றாம் நிலை நுரையீரல் புற்று. கதிரும் கீமோவும் முடித்த 713 பேரைப் பிரித்து, மூன்றில் இரண்டு பங்கினருக்கு துர்வாலுமாப் என்ற ஊசியை ஒரு வருடம் போட்டார்கள். ஐந்து வருடம் கழித்து, ஊசி போட்டவர்களில் 42.9 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், போடாதவர்களில் 33.4 சதவீதம்.

இங்கே கவனிக்க வேண்டியது, கதிர் முடிந்த பிறகு ஊசி. கதிரோடு சேர்த்தே போட்டால் இன்னும் நல்லது அல்லவா என்று தொண்டை, வாய்ப் புற்றுநோயில் முயன்றார்கள். அவெலுமாப் ஊசியை 697 பேரிடம் ஒப்பிட்ட ஆராய்ச்சி, பலன் தெரியாததால் 2020-இல் நிறுத்தப்பட்டது. பெம்ப்ரோலிசுமாப் ஊசியை வைத்து நடந்த ஆராய்ச்சியும் 2022-இல் குறிப்பிடத்தக்க பலனைக் காட்டவில்லை.

ஏன்? முழுத் தெளிவு இன்னும் இல்லை. ஆனால் ஒரு முக்கியமான சந்தேகம் உண்டு. உடம்பிலேயே கதிருக்கு மிகச் சீக்கிரம் சாகும் செல்களில் ஒன்று லிம்போசைட், அதாவது அந்த டி-செல்லேதான். தொண்டைக்குக் கதிர் வைக்கும்போது கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்கும் சேர்த்துத்தான் ஏழு வாரம் வைக்கிறார்கள். டி-செல்லுக்குப் பாடம் நடக்கும் பள்ளிக்கூடமே அதுதான். பள்ளிக்கூடத்தில் நெருப்பு வைத்துக்கொண்டே பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்புவது போல ஆகிவிடுகிறது. நம் பிளான்ட்டில் இரண்டு நல்ல கன்ட்ரோலரை ஒரே லைனில் மாட்டி, இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்து லூப் ஆடுவதைப் பார்த்திருப்போமே, அது மாதிரி. இரண்டு பாகமும் நல்ல பாகம்தான். எந்த வரிசை, எவ்வளவு, எப்போது என்பதில்தான் விஷயம்.

கருப்பைவாய்ப் புற்றுநோயில் கதை வேறு. துர்வாலுமாப் அங்கே தோற்றது. ஆனால் கதிர், கீமோவோடு பெம்ப்ரோலிசுமாப் சேர்த்துக் கொடுத்த 1,060 பெண்களின் ஆராய்ச்சியில், மூன்று வருடம் கழித்து 82.6 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். ஊசி சேர்க்காத பிரிவில் 74.8 சதவீதம். 2024 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தலை, கழுத்துப் புற்றிலும் கதவு மூடிவிடவில்லை. அறுவைச் சிகிச்சை முடிந்து, ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்குக் கதிர், சிஸ்பிளாட்டினோடு நிவோலுமாப் சேர்த்த ஆராய்ச்சியின் முடிவு 2025-இல் வந்தது. நோய் திரும்பாமல் மூன்று வருடம் இருந்தவர்கள் 52.5 சதவீதத்திலிருந்து 63.1 சதவீதமாகக் கூடினார்கள்.

ஆக, என் கேள்விக்கு வரலாறு தந்த பதில் இது: அப்பாவுக்கு 2022-இல் கரண்டோடு ஊசி சேர்த்திருந்தாலும், அன்றைய ஆராய்ச்சிப்படி பலன் கிடைத்திருக்கும் என்று சொல்ல வழியில்லை. பணம் இல்லாததாலோ, டாக்டருக்குத் தெரியாததாலோ நாங்கள் எதையும் தவறவிடவில்லை. நாங்கள் தவறவிட்டது அந்த ஐந்து மாதத்தை. அதுவும் நாங்கள் அல்ல, நான்.

பதினெட்டில் ஒரு பங்கு

நோய் திரும்பி வந்த பிறகு ஊசி உதவுமா? உதவும் என்று தெரிந்தது, ஆனால் விலை? முழு அளவு ஊசிக்கு எங்கள் வீட்டை விற்றாலும் சில மாதம்தான் ஓடும். இந்த இடத்தில் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் அப்போது பணியாற்றிய டாக்டர் விஜய் பாட்டீல், டாக்டர் குமார் பிரபாஷ் குழுவுக்கு நான் ஆயுளுக்கும் கடமைப்பட்டவன்.

அவர்கள் கேட்ட கேள்வி ஓர் என்ஜினீயர் கேட்க வேண்டிய கேள்வி. நிவோலுமாப் ஊசியின் ஆரம்ப ஆராய்ச்சியிலேயே, மிகக் குறைந்த அளவிலும் டி-செல்லின் பிரேக்குகளில் பெரும்பகுதி அடைபட்டுவிடுகிறது என்று தெரிந்திருந்தது. வால்வு முழுக்கத் திறந்த பிறகு கைப்பிடியை மேலும் திருகி என்ன பயன்? வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 240 மில்லிகிராம். இவர்கள் மூன்று வாரத்துக்கு ஒரு முறை வெறும் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். ஆறு வாரக் கணக்குப் போட்டால் 720-க்குப் பதில் 40, அதாவது பதினெட்டில் ஒரு பங்கு. கூடவே விலை குறைந்த மூன்று மாத்திரைகள். நோய் முற்றிய 151 தலை, கழுத்துப் புற்று நோயாளிகளைப் பிரித்து ஒப்பிட்டார்கள். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஒரு வருடம் உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதம். குறைந்த அளவு ஊசியும் சேர்த்தவர்களில் 43.4 சதவீதம். 2022 அக்டோபரில் முடிவு வெளியானது. அப்பாவுக்கு நோய் திரும்பியது அதற்குச் சில மாதங்கள் கழித்து.

அப்பாவுக்கு அந்த 20 மில்லிகிராம் ஊசியைத்தான் போட்டோம். இரண்டாவது ஊசிக்குப் பிறகு கழுத்துக் கட்டி சுருங்கியது. வலி மாத்திரை பாதியானது. நல்லபடியாக எட்டு மாதம் கிடைத்தது. அந்த ஆனி மாதம் சாரல் நன்றாக இருந்தது. "அருவிக்கரைக்குக் கூட்டிட்டுப் போய்யா, குளிக்கல, சும்மா நிக்கேன்" என்றார். பழைய குற்றாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். கதிர் வைத்ததிலிருந்து அவருக்கு எச்சில் ஊறாது, எப்போதும் வாய் வறண்டே இருக்கும். முகத்தை மேலே தூக்கி வாயைத் திறந்துகொண்டு சாரலில் நின்றார். "இது நல்லாருக்குய்யா" என்றார். அம்மா ஓரமாக நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்; சாரலா, வேறா என்று நான் பார்க்கவில்லை.

ஒன்பதாவது மாதம் ஊசி வேலை செய்வதை நிறுத்தியது. பதினோராவது மாதம், 2024-இல் அப்பா போய்விட்டார். அம்மா இப்போது பீடி சுற்றுவதில்லை. தட்டைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டாள்.

ஜூனியர்களுக்கு ஒரு வார்த்தை

இந்த மலரைப் படிக்கும் தம்பி, தங்கைகளில் பாதிப் பேர் வீட்டுத் திண்ணையிலும் அந்தத் தட்டு இருக்கும். உங்கள் பீஸும் அதிலிருந்துதான் வரும். அதற்காக வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் போனில் அப்பாவோ அம்மாவோ மாமாவோ தொண்டையில் குத்துகிறது, வாயில் புண் ஆறவில்லை, குரல் மாறிவிட்டது, கழுத்தில் கட்டி இருக்கிறது என்று சொன்னால், மூன்று வாரத்துக்கு மேல் பொறுக்காதீர்கள். உப்புத் தண்ணி வைத்தியம் சொல்லாதீர்கள். தென்காசியிலோ திருநெல்வேலியிலோ காது மூக்கு தொண்டை டாக்டரிடம் நீங்களே கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். ஆரம்பநிலையில் பிடித்தால், இந்தக் கட்டுரையில் சொன்ன ஊசிகளில் பெரும்பாலானவை தேவையே படாது. அறுவைச் சிகிச்சையோ கரண்டோ, ஒன்றே போதுமானதாக இருக்கும்.

என் செட் நண்பர்களுக்கும் சீனியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் கட்டடத்துக்கும் கிரிக்கெட் கிட்டுக்கும் நிதி ஒதுக்குகிறோம். வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாணவர்களின் பெற்றோருக்கு வாய், தொண்டைப் பரிசோதனை முகாம் ஒன்றைக் கல்லூரியிலேயே நடத்தலாமே? டார்ச் லைட்டும் கையுறையும் ஒரு நல்ல டாக்டரும் இருந்தால் போதும். இந்தச் சந்திப்பில் நான் இதை முன்மொழியப் போகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.

சாரலில் சந்திப்போம். வணக்கம்.